மீதியை வெள்ளித்திரையில் காண்க

தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குத் துணையாக ஒரு புத்தகம். தொடரின் கதையை நீட்டிச் சொல்லும் நாவல் அல்ல. நடிகர்களின் வாழ்க்கை வரலாறும் அல்ல. எந்தப் பகுதி எந்தத் தேதியில் ஒளிபரப்பாயிற்று, எழுதியவர் யார், இயக்கியவர் யார், மூன்றாம் பகுதியில் செத்துப்போனவர் முப்பதாம் பகுதியில் வேறு வேஷத்தில் எப்படித் தலைகாட்டினார், எழுதப்பட்டு எடுக்கப்படாமல் போனது எது என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லி, நடுநடுவே தன் அபிப்பிராயத்தையும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டு போகிற புத்தகம். ஆங்கிலத்தில் இப்படி ஒரு வகை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அந்தக் கணக்கில் நமக்கும் ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இங்கே அந்த வகை வேர் பிடிக்கவில்லை.

நம் தொடர்கள் அந்த லட்சணத்தில் இருந்தன, அவற்றுக்கு எதற்குப் புத்தகம் என்று ஒரு பதில் உடனே வரும். எனக்கும் முதலில் தோன்றும் பதில் அதுதான். ஆனால் அது சரித்திரத்தோடு ஒட்டவில்லை. அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' 1966-லிருந்து 1969 வரை மூன்று பருவம் ஓடி, பார்ப்பவர் போதவில்லை என்று நிறுத்தப்பட்ட தொடர். அட்டைப் பாறைகளும் பூசிய காதுகளும் கொண்டது. அது ஓடிக்கொண்டிருந்தபோதே, 1968-ல், ஸ்டீஃபன் விட்ஃபீல்ட் அது தயாரான விதத்தை ஒரு புத்தகமாக எழுதினார். அடுத்த ஆண்டு பீஜோ ட்ரிம்பிள் என்ற ரசிகை, பகுதிவாரியாகப் பாத்திரங்கள், கிரகங்கள், கருவிகள் எல்லாவற்றுக்கும் அகராதி போன்ற ஓர் அடைவைத் தானே வெளியிட்டார். பெரிய பதிப்பகம் ஒன்று அதை எடுத்து அச்சிட்டது 1976-ல்தான். 1964-ல் முடிந்துபோன 'ட்விலைட் ஸோன்' தொடரின் 156 பகுதிகளுக்கும் மார்க் ஸ்காட் ஸிக்ரீ எழுதிய துணைநூல் 1982-ல் வந்தது. தரம் இருந்ததால் இந்தப் புத்தகங்கள் தோன்றின என்று சொல்ல முடியாது. ஒளிபரப்பானது அன்றோடு போயிற்று, வீட்டில் பதிந்துவைக்கக் கருவி இல்லை, மறு ஒளிபரப்பு வந்தால் உண்டு. கையில் இல்லாத ஒன்றை நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டிய கட்டாயம் ஒரு சிறு கூட்டத்துக்கு ஏற்பட்டது. பெருந்திரள் பார்த்து மறந்ததைச் சிறு கூட்டம் ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டால் அதை அங்கே 'கல்ட்' என்கிறார்கள். சில நூறு சந்தாக்களை நம்பி 1959-லிருந்து 1970 வரை 'எழுத்து' நடந்த மொழியில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கையில் இல்லாததை நினைவில் நிறுத்தும் காகிதம் என்று பார்த்தால் நமக்கும் ஒன்று இருந்தது. தொலைக்காட்சிக்கு அல்ல, சினிமாவுக்கு. அதைப் புத்தகம் என்று நாம் எண்ணியதே இல்லை. பாட்டுப் புத்தகத்தைச் சொல்கிறேன்.

இதை எழுதுவது நெல்லிக்குப்பத்திலிருந்து. கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற வழியில் ஒரு சர்க்கரை ஆலை ஊர். பாரி கம்பெனியின் ஆலை இங்கே 1842-லிருந்து தன் சரித்திரத்தைத் தொடங்குகிறது. கரும்பு அரவை நடக்கிற மாதங்களில் ஊருக்கு ஒரு முகம், அரவை நின்ற மாதங்களில் வேறு முகம். தெற்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் அமைந்தது. காடும் முந்திரியுமாகக் கிடந்த இடத்தில் எல்லா ஜில்லாக்காரர்களும் கூடிய ஒரு குடியிருப்பு எழும்பியது. இந்த மாதிரி ஊர்களுக்கு சினிமா எப்போதும் பழையதாகத்தான் வந்தது. புதுப் படத்துக்கு எடுக்கிற பிரதிகள் கொஞ்சம். அவை பட்டணங்களில் ஓடித் தேய்ந்து, மழை பெய்கிற கோடுகளோடு படப்பெட்டிக்குள் ஏறி, டூரிங் கொட்டகைக்கு வந்து சேர மாதங்கள் ஆகும், சமயத்தில் வருஷங்கள். பெட்டிக்கு முன்னால் பாட்டுப் புத்தகம் வந்துவிடும். கடலூருக்கோ பாண்டிச்சேரிக்கோ போய்ப் படம் பார்த்தவன் மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்திருப்பான். ஆகவே சிற்றூர்க்காரனுக்குத் துணைநூல் முதலில், மூலம் பிறகு.

அந்த வஸ்துவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். எட்டுப் பக்கம், பதினாறு பக்கம். தொட்டால் பழுக்கிற காகிதம். மேலட்டையில் நாயகனும் நாயகியும் ஒரே மசியில், வசதியான தயாரிப்பாளர் என்றால் இரண்டு மசியில். உள்ளே முதலில் நடிகர் பட்டியல், பிறகு தொழில் நுணுக்கக் கலைஞர்கள்: ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, கலை, ஒப்பனை, ஸ்டில்ஸ். அதற்கடுத்துக் 'கதைச் சுருக்கம்'. இது ஒரு தனி உரைநடை. ஏழை விவசாயி, அவன் மகள், ஜமீன்தார் மகன், பொல்லாத கணக்குப்பிள்ளை என்று மூச்சு விடாமல் ஓடி, நாயகி கிணற்றடியில் நிற்கும்போது நின்றுவிடும். அவள் குதித்தாளா? காதலன் வந்து சேர்ந்தானா? மீதியை வெள்ளித்திரையில் காண்க. இந்த வாக்கியத்தை எழுதிய முதல் ஆள் யாராயிருந்தாலும் நம் வசனநடையில் அவனுக்கு ஓர் இடம் தரவேண்டும். சுருக்கத்துக்குப் பின்னால் பாட்டுகள். 1930-களின் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம், தாளம் கொடுத்திருக்கும். இந்தியிலிருந்தோ பழைய நாடகப் பாட்டிலிருந்தோ எடுத்த மெட்டானால் இன்ன பாட்டின் மெட்டு என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கும். பின்னட்டையில் தலைவலித் தைலம், அச்சகத்தின் பெயர்.

இதை அங்கே டிக்கெட் கொடுக்கிற இடத்தில் ஒருவன் கூவி விற்பான். வாங்கியவன் விளக்கு அணைவதற்குள் கதைச் சுருக்கத்தைப் படித்து முடிப்பான். எழுத்துக் கூட்டத் தெரியாதவன் பக்கத்தில் இருப்பவனைப் படிக்கச் சொல்வான். இடைவேளையில் இதுவரை எத்தனை பாட்டு ஆகியிருக்கிறது, இன்னும் எத்தனை பாக்கி என்று கணக்குப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போனபின் அதன் உண்மையான உபயோகம் தொடங்கும். 1952-ல் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்த கேஸ்கர் சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து ஏறக்குறையத் துரத்தியே விட்டார். 1957-ல் விவித பாரதி வரும்வரை இலங்கை வானொலிதான் கதி. அதற்கும் ரேடியோப் பெட்டி வேண்டும். கிராமபோன் தட்டு வாங்குகிற வீடு ஊருக்கு ஒன்றிரண்டு. மற்றவர்களுக்குப் பாட்டு என்பது அந்தப் பழுப்புக் காகிதமும், ஒருமுறை கேட்ட மெட்டின் ஞாபகமும் மட்டுமே. மெட்டு பாதி மறந்திருக்கும். மறந்த இடத்தில் பாடுகிறவன் தன் மெட்டைப் போட்டுக்கொள்வான். ஒரே பாட்டு ஊருக்கு ஊர் வேறு மாதிரி ஒலித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இது வாய்மொழி மரபா அச்சு மரபா என்று நம் ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

பாட்டுப் புத்தகம் வானத்திலிருந்து விழவில்லை. ஊமைப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதையை விளக்கிக்கொண்டிருப்பான். மாட்டுவண்டியில் தட்டி கட்டி, பேண்டு வாத்தியத்தோடு தெருத்தெருவாக நோட்டீஸ் போடுவார்கள், அதிலும் கதை இருக்கும். அதற்கும் முன்னால் மேடை நாடகங்களின் பாட்டுகள், கொலைச் சிந்துகள், ரயில் விபத்துப் பாட்டுகள் எல்லாம் சென்னை குஜிலிக் கடையிலிருந்து சில்லறைக் காசுக்கு நாடெங்கும் போயின. ஆ.இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூலில் (2004) இந்த உலகத்தை எழுதியிருக்கிறார். பாட்டுப் புத்தகம் அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

எங்கள் தென்னார்க்காட்டில் இதற்கு இன்னும் நெருங்கிய முன்னோடி உண்டு. திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடி, பொருள் சொல்லி, கிளைக்கதைக்குப் போய்த் திரும்பி வருகிறார். அந்தக் கட்டத்தைத்தான் இரவில் வேஷம் கட்டி ஆடுகிறார்கள். பகலில் உட்கார்ந்து கேட்டவனுக்கு இரவில் பாதித் தூக்கத்திலும் கூத்து புரியும். ஆட்டத்துக்குள்ளேயே கட்டியங்காரன் என்று ஒரு நடமாடும் உரையாசிரியன் வேறு. கூத்துப் பிரதிகளைச் சென்னை இரத்தின நாயகர் சன்ஸ் போன்ற பதிப்பாளர்கள் மலிவாக அச்சிட்டு விற்றார்கள். நிகழ்த்துதலும் அதற்குத் துணையான சொல்லும் பிரிக்க முடியாதபடி இணைந்த மரபு இது. தூர்தர்ஷனின் இந்தி 'மகாபாரதம்' 1988 அக்டோபரிலிருந்து 1990 ஜூன் வரை ஞாயிறுதோறும் வந்தபோது, ஒரு சொல் இந்தி தெரியாத கிழவிகள் இந்தப் பக்கத்தில் அதைப் பார்த்து அழுதார்கள். அவர்களுக்கு வழிகாட்டி நூல் தேவைப்படவில்லை, அதை அவர்கள் கோவில் வாசலில் முன்பே படித்து முடித்திருந்தார்கள். அதே 1988-ல் ஆல்ஃப் ஹில்டெபைடல் செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி வழிபாட்டைப் பற்றிய தம் பெரிய நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். தலைப்பில் அவரும் 'கல்ட்' என்ற அதே சொல்லைத்தான் போட்டிருக்கிறார்.

பாட்டுப் புத்தகத்தின் அண்ணன் கதை-வசனப் புத்தகம். இதைப் பற்றி நம் வட்டத்தில் பேசினால் முகம் சுளிப்பார்கள். 'பராசக்தி' 1952 தீபாவளிக்கு வந்தது. மு. கருணாநிதியின் வசனம் தட்டாகவும் விற்றது, புத்தகமாகவும் விற்றது. மூர்மார்க்கெட் பக்கத்தில் தெருவோர வித்தைக்காரர்கள் அதை நீளநீளமாக ஒப்பித்துச் சுற்றி நின்றவர்களிடம் காசு வாங்கினார்கள். மேடைப் பேச்சுக்குப் பழகுகிறவனுக்கு அது பாடப் புத்தகம் ஆயிற்று. 'மனோகரா' (1954), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) என்று இந்த வரிசை நீளும். படங்களின் ஒலித்தடம் தனியாக வெட்டப்பட்டு ஒலிச்சித்திரம் என்று வானொலியில் வந்தது. கோவில் திருவிழாக்களில் 'திருவிளையாடல்' (1965) வசனம் குழாய் ஒலிபெருக்கியில் அலறியதைக் கேட்காமல் இந்த ஜில்லாவில் வளர்ந்தவர் இருக்க முடியாது.

இது சினிமாவே அல்ல, திரையில் விரித்த பிரசங்கம் என்று நம் விமர்சகர்கள் சொன்னார்கள். அந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. வசனத்தைப் புத்தகமாகப் படித்தால் படத்தில் இருந்ததில் ஏறக்குறைய எல்லாமே கிடைத்துவிடுகிறது என்பது ஒரு படத்துக்குப் பாராட்டு அல்ல. காமிரா செய்த வேலை என்று புத்தகத்துக்கு வெளியே மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் இதே விஷயத்தை மறுபக்கத்திலிருந்து யாரும் பார்க்கவில்லை. பள்ளிப் பாடத்துக்கு வெளியே ஒருவன் தன் காசில் வாங்கி, தானாகப் படித்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, மனப்பாடம் செய்த முதல் தமிழ் உரைநடை எது? நெல்லிக்குப்பம் ஆலையில் கரும்பு இறக்கிய ஆளுக்கும் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை செய்த ஆளுக்கும் அது புதுமைப்பித்தனாகவோ மௌனியாகவோ இருந்திருக்காது. உரைநடையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கிழித்த பக்கத்தில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பது வேடிக்கை. 'அம்பிகாபதி' (1937), 'கண்ணகி' (1942) படங்களுக்கு வசனம் எழுதி, வசனகர்த்தாவின் பெயரைப் பார்த்துப் படம் பார்க்க ஜனங்களைப் பழக்கிய இளங்கோவன், மணிக்கொடியில் எழுதியவர். மணிக்கொடியை நடத்திய பி.எஸ். ராமையாவும் சினிமாவுக்குப் போனவர்தான். புதுமைப்பித்தன் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் புனாவுக்குப் போய், நோயோடு திரும்பி, 1948 ஜூன் 30-ல் இறந்தார். படம் அந்த ஆண்டிலேயே, அவர் போனபிறகு, வெளிவந்தது. அவர் எழுதிய கடிதங்களைத் தேடித் தொகுத்தோம். கதைகளுக்குப் பாடபேதம் பார்த்துச் செம்பதிப்பு 2000-ல் வந்தது. செய்யவேண்டிய காரியம், நன்றாகவே செய்யப்பட்டது. அவருடைய சினிமா வேலையை மட்டும் அவருக்கு நேர்ந்த விபத்து என்ற தொனியில்தான் இன்றும் பேசுகிறோம். விபத்தாகவே இருக்கட்டும். விபத்து நடந்த இடத்தில் கிடந்த காகிதங்களையாவது பொறுக்கி வைத்திருக்கலாமே.

ஏனெனில் படங்கள் போய்விட்டன. ஆர். நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' தொடங்கி தென்னிந்தியாவில் எடுத்த ஊமைப் படங்களில் முழுதாக நமக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று: 'மார்த்தாண்ட வர்மா' (1933). அது மிஞ்சிய கதையும் ஒரு புத்தகத்தின் கதைதான். சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலை நாகர்கோவில் சுந்தர்ராஜ் அனுமதியில்லாமல் படமாக்கிவிட்டார் என்று நாவலின் பதிப்புரிமை வைத்திருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தகக் கடை வழக்குப் போட்டது. படம் முடக்கப்பட்டு, பிரதி புத்தகக் கடையின் வசம் போயிற்று. ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து செத்திருக்கும். புத்தகக் கட்டுகளோடு கட்டாகக் கிடந்ததால் பிழைத்தது. 1974-ல் புனா திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. மற்றவை நைட்ரேட் சுருள்களாக எரிந்தன, உருகின, வெள்ளி எடுப்பதற்காகக் கரைக்கப்பட்டன. பேசும் படம் வந்த முதல் பத்தாண்டுகளின் தமிழ்ப் படங்களில் இன்று பிரதி உள்ளவை மிகச் சில. முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இல்லை. காப்பகம் தொடங்கியதே 1964-ல்தான். அதற்குள் போகவேண்டியது போய்விட்டது.

படம் இல்லாத இடத்தில் பாட்டுப் புத்தகம் இருக்கிறது. எத்தனையோ படங்களின் கதை என்ன, யார் நடித்தார், எத்தனை பாட்டு, என்ன ராகம் என்று இன்று சொல்ல முடிகிறதென்றால் எட்டுப் பக்கப் பழுப்புக் காகிதத்தை ஆதாரமாக வைத்துத்தான். சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் அதைச் சரித்திர ஆவணமாக எடுத்துக்கொண்ட பிறகுதான் அதற்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சாகும்வரை (1992) நிகண்டுகளோடும் நாவல்களோடும் சினிமா நோட்டீஸையும் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்து வைத்தார். பெரிய நூலகங்கள் குப்பை என்று ஒதுக்கியதை ஒரு தனிமனிதரின் விடாப்பிடி காப்பாற்றியது. அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் 1994-ல் சென்னையில் அமைந்தது. இதில் நமக்குப் புதிது ஒன்றுமில்லை. வளையாபதியும் குண்டலகேசியும் நூலாகப் போய்விட்டன. புறத்திரட்டிலும் உரைகாரர்களின் மேற்கோள்களிலும் ஒட்டிக்கொண்ட பாட்டுகள் மட்டும் தப்பின. மூலம் அழிந்து துணை மிஞ்சுவது நமக்குப் பழகிப்போன காரியம். பிரிட்டிஷ்காரனுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய பகுதிகளை பி.பி.சி. 1960-களிலும் 70-களிலும் அழித்துவிட்டது, ஒளிநாடா விலை அதிகம், மறுபடி உபயோகிக்கலாம் என்று. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் படமாக இல்லை. அவற்றுக்கு ஒலி மட்டும் உண்டு, ரசிகர்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பிடித்தது. 1973-லிருந்து டார்கெட் பதிப்பகம் அந்தக் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு நாவல்களாக வெளியிட்டது. டெரன்ஸ் டிக்ஸ் ஒருவரே அறுபதுக்கு மேல் எழுதினார். ஒரு தலைமுறைக்கு அந்தத் தொடர் என்றால் அந்தப் புத்தகங்கள்தான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால் நான் பாட்டுப் புத்தகத்துக்குக் கோவில் கட்டுகிறேன் என்று தோன்றிவிடும். பாட்டுப் புத்தகம் விற்பவனின் காகிதம். அது தயாரிப்பாளர் அச்சிட்டது, அல்லது அவரிடம் உரிமை பெற்றவர் அச்சிட்டது, சில சமயம் இரண்டு பேருக்கும் தெரியாமல் மூன்றாமவன் அச்சிட்டது. படம் எப்போது வந்தது என்று பல புத்தகங்களில் இராது. அன்றைக்கு விற்கிற பொருளுக்குத் தேதி எதற்கு? கதைச் சுருக்கம் முடிவைச் சொல்லாது. படம் முடியுமுன்னே புத்தகம் அச்சுக்குப் போய்விடுவதால், வெட்டப்பட்ட பாட்டு புத்தகத்தில் இருக்கும், கடைசியில் சேர்த்த பாட்டு இராது. பல கவிஞர்கள் எழுதிய படமானால் எந்தப் பாட்டு யாருடையது என்பதில் குழப்பம். பீஜோ ட்ரிம்பிள் எழுதியது பார்ப்பவனின் காகிதம். பார்த்ததை, பார்த்தபடி, சரிபார்த்து எழுதியது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய பாட்டுப் புத்தகங்களில் சிலவற்றில் இப்படியொரு காகிதத்தின் முளையை நான் பார்த்திருக்கிறேன். யாரோ பென்சிலால் ஒவ்வொரு பாட்டுக்கும் நேராக ஒரு 'டிக்' போட்டு, ஒன்றுக்கு மட்டும் பெருக்கல் குறி இட்டு, 'படத்தில் இல்லை' என்று எழுதியிருப்பார்கள். பார்த்த தியேட்டரின் பெயரும் தேதியும் மேலட்டை மூலையில் இருக்கும். அந்தப் பென்சில்காரர்கள் அதற்கு மேல் போகவில்லை.

போனவர் என்று ஒருவரைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். படமெடுக்கும் ஆசையோடு வந்தவர், 'நாடோடி மன்னன்' (1958) படத்திலிருந்து பத்திரிகைத் தொடர்பாளர் என்ற வேலையையே தமிழ் சினிமாவில் தொடங்கிவைத்தவர். வெளியாகிற ஒவ்வொரு படத்துக்கும் தேதி, நடிகர்கள், கலைஞர்கள் என்று பதிந்துகொண்டே போனார், யாரும் கேட்காமல். 2004-ல் அது 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்று நூலாக வந்தது. அபிப்பிராயங்கள் அதில் அதிகம் இல்லை. தகவல்கள் மட்டுமே, அவை போதும். 2016-ல் அவர் இறக்கும்வரை தமிழ் சினிமாவைப் பற்றி எழுதிய எவரும் அவரிடம் கேட்காமல் ஒரு தேதியையும் நிச்சயம் செய்யவில்லை எனலாம். ஒரு துறையின் ஞாபகம் ஒரே ஆளிடம் இருந்தது என்பது பெருமையா, அவமானமா?

தொலைக்காட்சிக்கு அந்த ஒரு ஆள்கூட வாய்க்கவில்லை. சென்னை நிலையம் தொடங்கியபோது அதன் அலைகள் நெல்லிக்குப்பம் வரை ஒழுங்காக எட்டவில்லை. பக்கத்திலிருந்த நெய்வேலியின் மின்சாரம் சென்னைக்குப் போயிற்று, அங்கிருந்து படம் இங்கே வர வருஷங்கள் ஆயின. வானொலிக்காவது 'வானொலி' என்றே ஒரு தமிழ்ப் பத்திரிகை இருந்தது, நிகழ்ச்சி நிரலும் பேச்சுகளும் அதில் அச்சாகும். அதுவும் நின்றுபோயிற்று. தொலைக்காட்சிக்கு அப்படி ஒன்று அமையவில்லை. சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை', சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்', சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எல்லாம் 1980-களை ஒட்டித் தூர்தர்ஷனில் தொடர்களாக வந்தன. நாவல் கையில் இருக்கிறது. தொடரில் நாவல் என்ன ஆயிற்று, எத்தனை வாரம் வந்தது, யார் திரைக்கதை எழுதினார் என்றால், பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ரகுவரன் குடிகாரனாக நடித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, மற்றது ஒன்றும் இல்லை.

தமிழில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு முழுதும் பொருந்துகிற தொடர் என்றால் 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. 1990-களின் நடுவில் தொடங்கி 'ரகசியம்', 'விடாது கருப்பு' என்று சன் தொலைக்காட்சியில் வந்தது, பிற்பாடு ராஜ் தொலைக்காட்சிக்குப் போனது. வாரத்துக்கு ஒரு நாள். நடுவில் ஆறு நாள் ஊரே ஆளுக்கொரு ஊகம் சொல்லும். குதிரையில் வருவது கருப்பசாமியா மனிதனா என்று டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். தெய்வ நம்பிக்கையையும் மனோதத்துவத்தையும் ஒரே முடிச்சில் போட்டு அவிழ்க்காமல் நீட்டிய சாமர்த்தியம் அதில் இருந்தது. காமிராவைக் கொண்டு யோசித்த ஓர் இயக்குநரும் இருந்தார். 'விட்டு விடு கருப்பா' என்ற நாவல் தொடருக்கு அடிப்படை. அது விற்பனைக்கு வந்தது, மறுபதிப்புகளும் வந்தன. ஆனால் நாவல் வேறு, தொடர் வேறு. பகுதிகளின் வரிசை, நாவலில் இல்லாமல் தொடரில் முளைத்த பாத்திரங்கள், எந்த முடிச்சு எழுத்தாளருடையது, எந்த முடிச்சு இயக்குநருடையது என்ற கேள்வி, இவற்றுக்குப் பதில் சொல்லும் ஒரு புத்தகத்தை அந்த எழுத்தாளர் இருந்தபோதே அவரிடம் உட்கார்ந்து எழுதியிருக்க முடியும். அவர் 2024 நவம்பரில் காலமானார்.

இப்போதுதான் எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே, நினைத்தால் பார்க்கலாமே என்பார்கள். சில தொடர்கள் கிடைக்கின்றன, உண்மை. யாரோ வீட்டில் பதிந்து வைத்தது, பகுதி எண் மாறியது, தலைப்புப் பட்டியல் வெட்டப்பட்டது, ஒலி ஓர் அடி பின்தங்கியது. தூர்தர்ஷன் காலத்தவை பெரும்பாலும் அதுவும் இல்லை. நாடாவை அழித்து மறுபடி பதியும் வழக்கத்துக்கு நம் நிலையங்களும் விலக்கல்ல. தனியார் தொலைக்காட்சியின் நெடுந்தொடர்கள் ஆயிரம் பகுதி, ஆயிரத்தைந்நூறு பகுதி என்று போனவை. அவற்றை முழுக்க மறுபடி பார்க்க ஒரு ஆயுள் வேண்டும். அவற்றில் எனக்குப் பிடித்த ஒரே அம்சத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். பாதியில் ஒரு நடிகை சம்பளத் தகராறிலோ கல்யாணத்திலோ விலகிவிடுவார். மறுநாள் சோற்றுத்தட்டோடு கதவைத் திறந்துகொண்டு வேறொருவர் வருவார். காட்சி உறைந்து நிற்க, திரையில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஓர் அட்டை சில வினாடி தெரியும். மாமியார் ஆச்சரியப்படாமல் புது மருமகளைத் திட்டத் தொடங்குவாள். பகுதிவாரித் துணைநூல் எழுதப் புகுகிறவர் அந்த அட்டைகளிலிருந்து தொடங்கலாம். எந்தத் தொடர், எந்தத் தேதி, யாருக்குப் பதில் யார். பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நெய்வேலிக் குடியிருப்பில் ஓய்வு பெற்றவர்களின் மனைவிமார் சிலர் மூன்று தொடர்களின் மருமகள்களை வரிசை தப்பாமல் சொல்கிறார்கள், மாறிய மாதத்தோடு.